ஊ, ஓ, ஆ, ஏ, ஈ: ஃப்ரீக்வென்சிக்குக் காதைப் பழக்குவது

மண்டபத்தில் மைக் கத்த ஆரம்பித்தால், 31 பேண்ட் ஈக்யூவில் (ஒலியை 31 ஃப்ரீக்வென்சிப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே ஏற்றி இறக்கும் கருவி) எதை இறக்குவது என்று தேட நேரமிருக்காது. கண்டதையெல்லாம் இறக்கினால் கத்தலோடு பாடகர் குரலும் செத்துப்போகும். விசிலைக் கேட்டவுடன் "இது 2.5 கிலோஹெர்ட்ஸ்" என்று காது சொல்ல வேண்டும்.

முப்பத்தொன்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என எட்டு ஆக்டேவ் (ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்கு) போதும். நடுவில் உள்ள ஐந்துக்கும் நம் நெடில்களே அடையாளம்: 250 தூக்கினால் சத்தத்தில் 'ஊ' கேட்கும், 500 'ஓ', 1000 'ஆ', 2000 'ஏ', 4000 'ஈ'. 8000 வெறும் 'ஸ்'. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் மறக்காது.

பயிற்சிக்கு பிங்க் நாய்ஸ் (எல்லா ஆக்டேவிலும் ஒரே அளவு சக்தியுள்ள இரைச்சல்) எடுங்கள். ஒயிட் நாய்ஸ் என்ற இன்னொரு இரைச்சலில் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 3 டெசிபல் ஏறிக்கொண்டே போவதால் மேல்பகுதி மற்றதை அமுக்கிவிடும். ஈக்யூவில் ஒரே பேண்ட், க்யூ (பட்டையின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1.4, 12 டெசிபல் பூஸ்ட். நண்பர் யாராவது பூஸ்ட் செய்யும் ஃப்ரீக்வென்சியை மாற்றட்டும். நீங்கள் பார்க்காமல், ஈக்யூவை ஆன், ஆஃப் செய்து கேட்டுச் சொல்லுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2000, 4000 பக்கம் நம் காது கூர்மை. அங்கே தூக்கினால் சத்தமே கூடியதுபோல் இருக்கும். அப்போது ஒலியின் நிறத்தை அல்ல, சத்தத்தை வைத்து ஊகிக்கிறோம். ஆகவே ஆன், ஆஃப் இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி அவுட்புட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் வால்யூமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். குறைத்து வைத்தால் பேஸ் மெலிந்து தெரியும்.

அடுத்து வரும் தொல்லை ஆக்டேவ் தப்பு: 500ஐ 1000 என்பது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, 'ஓ'வா 'ஆ'வா என்று வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியானால் பூஸ்டை 6 டெசிபலாகக் குறையுங்கள், பிறகு 3. பேண்டைத் தூக்காமல் கட் செய்ததை, அதாவது இறக்கியதை, கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இல்லாததைக் கேட்க வேண்டுமே.

63, 125 இரண்டையும் நல்ல ஹெட்ஃபோனில் பழகுங்கள். சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர் உள்ள அறையில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் அலை தேங்கும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அது காணாமலே போய்விடும், குற்றம் காதுடையது அல்ல.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். அதற்கு மேல் காது களைத்து, எல்லாமே 'ஏ' போலத்தான் கேட்கும்.