பிட் இறங்கவில்லையா? முதலில் கழற்றிப் பாருங்கள்

பல்லாவரம் பக்கத்துச் சார்னகைட் என்ற கடினப் பாறையில் துளை போடும்போது, வைரத் துகள் பதித்த துளைமுனையான பிட் இறங்காமல் நின்றால் பலரும் அழுத்தத்தைத்தான் கூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பிட்டைக் கழற்றி அதன் முகத்தில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லித்தான் என் ஹெல்பர் பசங்களுக்குத் தொழிலே ஆரம்பிக்கும். சொரசொரப்பில்லாமல் கண்ணாடி மாதிரி வழுக்கினால், வைரம் மழுங்கிவிட்டது, அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேயவில்லை என்று அர்த்தம். கடினப் பாறைக்கு அந்த உலோகம், அதாவது மேட்ரிக்ஸ், மெத்தென்று இருப்பதுதான் சரி. அது தேய்ந்தால்தான் அடுத்த வைரம் வெளியே வரும். சொரசொரப்பான மணற்கல்லுக்கு நேர் எதிர்.

புது பிட்டை அவசரமாக இறக்காதீர்கள். என்.க்யூ என்ற அளவுத் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்; பழைய பிட்டும், அதற்குப் பின்னால் துளையின் அளவைக் காக்கும் வளையமான ரீமிங் ஷெல்லும் தேய்ந்திருந்தால் துளை குறுகி, புதியது இறுகிக்கொள்ளும். ஷெல்லையும் அளந்து பாருங்கள். துளைக்குள் செலுத்தும் தண்ணீர் மேலே திரும்பி வந்த பிறகே பாறையைத் தொடவிடுங்கள். தண்ணீர் நின்றால் பிட் கருகிவிடும்.