கபடி நோட்டீசில் இருக்கும் பாடத்திட்டம்

விளையாட்டு மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ ஐபிஎல் ஏலத்துல உட்காருவியா?" என்பதுதான். உட்காரலாம், தப்பில்லை. ஆனால் ஏலம் என்பது இந்தத் துறையில் டிவியில் தெரிகிற ஒரு மூலை. மிச்சமெல்லாம் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. பாடப் புத்தகத்தைத் திறந்தாலோ திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியாளர் அமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்துதல் என்று வரிசையாக வந்து நிற்கும் (சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்வியின் முதல் பாடமே இதுதான்). பரீட்சைக்கு எழுதலாம். எழுதி முடித்து வெளியே வந்ததும் மறந்துபோகும்.

எனக்கு இதெல்லாம் ஒட்டியது கபடி நோட்டீசைப் படித்துத்தான். கிண்டல் இல்லை, நிஜமாகவே. எங்கள் திண்டுக்கல் பக்கம் பொங்கல், கோயில் திருவிழா என்றால் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருப்பார்களே, மேலே சாமி படம், அதற்குக் கீழே "மாபெரும் கபடிப் போட்டி", சுற்றிலும் கைகூப்பி நிற்கும் நன்கொடையாளர்கள், அடியில் பொடி எழுத்தில் விதிமுறைகள். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. நான் சில வருடங்களாக எங்கள் ஊர்க் கமிட்டியில் ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன், அதனால் படிக்க வேண்டி வந்தது. படிக்கப் படிக்க, எம்பிஏ-வில் ஒரு வருடம் சொல்லித் தருவதில் பாதி அதற்குள் இருக்கிறது என்று தோன்றியது.

முதல் வரி: "போட்டிகள் நாக் அவுட் முறையில் நடைபெறும்." இந்த வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போடத் தெரியாமல் மற்ற எதையும் பேச முடியாது. 23 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வையுங்கள். நாக் அவுட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வீட்டுக்கு அனுப்புகிறது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும், ஆக 22 ஆட்டம். 23-க்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 32, அதிலிருந்து 23 போனால் 9 அணிகளுக்கு பை, அதாவது முதல் சுற்றை ஆடாமலே தாண்டுவார்கள். மிச்சம் 14 அணிகள் 7 ஆட்டம் ஆடி, வென்ற 7-உம் பை வாங்கிய 9-உம் சேர்ந்து 16 ஆகும். அதற்கப்புறம் கணக்கு தானாக ஓடும்.

இப்போது நேரத்தைப் போடுங்கள். ஆண்கள் கபடி முறைப்படி 20-5-20, இடைவேளையோடு 45 நிமிடம். டைம் அவுட், தகராறு, அடுத்த அணி பனியனைத் தேடும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். 22 ஆட்டத்துக்கு 22 மணி நேரம், ஒரே மைதானம். யாரால் முடியும்? அதனால்தான் ஊர்ப் போட்டிகளில் 10-5-10 என்று சுருக்குகிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு 35 நிமிடம் வைத்தாலும் மொத்தம் 770 நிமிடம், கிட்டத்தட்ட 13 மணி நேரம். காலை 9 மணிக்கு முதல் ரெய்டு போனால்தான் ராத்திரி 10-க்குள் ஃபைனல் முடியும், 10-க்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. முதல் ஆட்டத்துக்கே அணி வராமல் 11 மணி வரை மைக்கில் கூவிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மைதானம் போடலாமா? போடலாம், அப்போது இன்னொரு செட் நடுவர்கள், இன்னொரு செட் லைட், கோடு போட இன்னொரு ஆள். மைதானம் ஒன்றா இரண்டா என்று கேட்டால் அது மேலாண்மைக் கேள்வி, கபடிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

சீட்டுக் குலுக்குவதில் இன்னொரு நுணுக்கம். போன வருட சாம்பியனும் ரன்னரும் முதல் சுற்றிலேயே மோதிவிட்டால் அதுதான் நிஜமான ஃபைனல், சாயங்காலம் மைதானம் காலி. அதற்குத்தான் அவர்களை ஆட்ட அட்டவணையின் எதிரெதிர் பாதியில் வைப்பது. பை கொடுப்பதற்கும் வரிசை உண்டு: முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு, அப்புறம் திரும்ப அதே மாதிரி. உடற்கல்வி படித்தவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஊரில் "நம்ம பசங்களுக்கு ஒரு பை போட்டு விடு மாமா" என்று வருபவரிடம் இந்த வரிசையைக் காட்டினால் வாக்குவாதம் பாதியாகக் குறையும், முழுசாக நிற்காது.

அதே கணக்கை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 2022 செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் தொடங்கியதும் பிப்ரவரியில் அங்கிருந்து எடுத்தார்கள், மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது, ஜூலை 28-இல் தொடக்க விழா. கையில் இருந்தது நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஓபன் பிரிவில் மட்டும் 180-க்கு மேல் அணிகள். எல்லாரும் எல்லாரோடும் லீக் ஆட வேண்டும் என்றால் 180 அணிக்கு 16,110 ஆட்டம், 179 சுற்று, ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால் ஆறு மாதம். நாக் அவுட் வைத்தால் ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்த அணி ஒரே ஆட்டத்தில் பெட்டியைக் கட்ட வேண்டும். அதற்குத்தான் ஸ்விஸ் முறை: ஏறக்குறைய சமமான புள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிட்டு 11 சுற்றில் முடித்துவிடுவது, யாரும் பாதியில் வெளியேறுவதில்லை. ஒரு அணிக்கு நான்கு பலகை, அப்படியென்றால் ஓபனில் மட்டும் ஒரே நேரத்தில் 360 பலகை, 720 நாற்காலி. அதற்கு மேல் பெண்கள் பிரிவு. பிரக்ஞானந்தாவையும் குகேஷையும் எல்லாரும் பார்த்தோம், அந்த நாற்காலிகளை எண்ணியவரை யாரும் பார்க்கவில்லை. இந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்தால் பெரும்பாலும் நீங்கள் அந்த இரண்டாவது ஆள்தான், அது பிடிக்குமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

நோட்டீசில் அடுத்தது பணம். நுழைவுக் கட்டணம் 500 என்று வைத்தால் 23 அணிக்கு 11,500. முதல் பரிசு 20,000, இரண்டாவது 15,000, செமியில் தோற்ற இருவருக்கும் தலா 10,000, ஆக பரிசுக்கே 55,000. லைட், மைக், பந்தல், நடுவர்களுக்குப் படி, சாப்பாடு, கோப்பை எல்லாம் இன்னும் வரவில்லை. ஆக நுழைவுக் கட்டணம் என்பது வருமானமே இல்லை, பெயர் கொடுத்த அணி வந்தே தீர வேண்டும் என்பதற்கான முன்பணம், அவ்வளவுதான். போட்டியை நடத்துவது கைகூப்பி நிற்கும் அந்தப் படங்கள். முதல் பரிசு கொடுப்பவருக்குப் பெரிய படம், தண்ணீர் பாட்டில் கொடுப்பவருக்கு ஸ்டாம்பு அளவு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் மைக்கில் பெயர். ஸ்பான்சர்ஷிப் என்று வகுப்பில் ஸ்லைடு போட்டுச் சொல்லித் தருவது இதைத்தான். இதில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு, அது எந்த ஸ்லைடிலும் இருக்காது: மேடையில் சொன்ன தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு. கணக்கு நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட வேண்டும். எங்கள் பொருளாளர் அண்ணன் அப்படித்தான் போடுவார். இரண்டாவது பத்தியைப் பார்த்த பிறகுதான் கோப்பைக்கு ஆர்டர் கொடுப்பார்.

ஐபிஎல்லில் அந்தக் கைகூப்பும் படத்தின் இடத்தில் டிவி இருக்கிறது. 2023 முதல் 2027 வரைக்குமான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்று வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு சுமார் 118 கோடி. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு அணிகளுக்குப் போகிறது. மைதானத்தில் டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் அணி பிழைப்பது இதனால்தான்.

சரி, எனக்கு நோட்டீசில் ரொம்பப் பிடித்த வரிக்கு வருகிறேன். "ஒருவர் ஒரு அணிக்கு மட்டுமே ஆட வேண்டும். ஆதார் அட்டை அவசியம்." சில ஊர்களில் "உள்ளூர் ஆட்டக்காரர்கள் மட்டும்" என்றும், எடைப் பிரிவும் சேர்த்துப் போடுவார்கள். ஏன்? காசுள்ள அணி ஒன்று நான்கு ஊரிலிருந்து நல்ல ரெய்டர்களை வண்டி வைத்துக் கூட்டிவந்து எல்லாரையும் நசுக்கிவிட்டுப் போகும். ஒரு வருடம் பொறுப்பார்கள். இரண்டாவது வருடம் "அவனுக வந்தா நாங்க வரல அண்ணே" என்று போன் வரும். அதற்கப்புறம் 23 அணி 14 ஆகும், 14 ஒன்பதாகும், நன்கொடையாளருக்கும் ஆர்வம் போய்விடும்.

விளையாட்டு மேலாண்மையில் அடிப்படை என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். எதிர்க்கடை மூடினால் டீக்கடைக்காரருக்கு லாபம், எதிரணி மூடினால் உங்களுக்கு ஆட்டமே இல்லை. வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964-இல் இதைக் குத்துச்சண்டையை வைத்துச் சொன்னார்: ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸுக்குப் பெரிய பணம் வர வேண்டுமானால் மேக்ஸ் ஷ்மெலிங் மாதிரி பலமான எதிராளி இருந்தாக வேண்டும். லூயிஸ் 1936-இல் ஷ்மெலிங்கிடம் தோற்றவர், அதனால்தான் 1938-இல் மறுபடி மோதியபோது யாங்கி ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் முதல் ரவுண்டிலேயே முடிந்துவிட்டது, அது வேறு விஷயம். யார் ஜெயிப்பார் என்று தெரியாத அந்தச் சந்தேகத்தைத்தான் நாம் விற்கிறோம். அதைக் காப்பாற்றத்தான் ஐபிஎல்லில் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் ஏலத்தில் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் (2025-க்கு 120 கோடி). அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் கடைசி இடம் வந்த அணிக்குப் புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் வாய்ப்பு தருவதும் இதற்குத்தான். திண்டுக்கல் கமிட்டிக்கு நீல் யாரென்று தெரியாது. ஆதார் அட்டை கேட்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

கடைசி வரி "நடுவர் தீர்ப்பே இறுதியானது." எல்லா நோட்டீசிலும் இருக்கும். ஆனால் எந்த விதிப் புத்தகத்தின்படி தீர்ப்பு என்று எதிலும் இருக்காது. இது சின்ன விஷயம் இல்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா, ஈரான் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? 28-28, முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, இந்தியாவின் பவன் செராவத் ரெய்டு போய் யாரையும் தொடாமல் லாபிக்குள் (மைதானத்தின் ஓரப் பட்டை, யாரையாவது தொட்ட பிறகுதான் அதற்குள் போகலாம்) கால் வைக்கிறார், ஈரான் தடுப்பாளர்கள் பின்னாலேயே பாய்கிறார்கள். பழைய விதிப்படி ஒரு கணக்கு, புது விதிப்படி வேறு கணக்கு. நடுவர்கள் ஒன்று சொல்ல, பிறகு மாற்ற, இரண்டு பக்கமும் தரையில் உட்கார, ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது. கொண்டாடினோம், சரி. ஆனால் ஒரு நிர்வாகியாகப் பார்த்தால் அது பெரிய சறுக்கல். தங்கத்துக்கான ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், எந்த விதி செல்லும் என்று விவாதிக்கிற நிலை வரவே கூடாது. அது போட்டி தொடங்குவதற்கு முன்பு அணி மேலாளர்கள் கூட்டத்தில் பேசித் தீர்த்து, எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய விஷயம்.

மேலே குழப்பம் இருந்தால் கீழே ஆடுபவர்களுக்கு வினை. கபடி சம்மேளனத்தின் நிர்வாகத் தகராறில் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்தது. பிறகு சர்வதேச அமைப்பு இந்திய சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. 2025-இல் பெண்கள் ஆசியப் போட்டிக்கு ஈரான் போவதற்கே ஆட்டக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பயிற்சி எடுப்பதா, வக்கீலைப் பார்ப்பதா?

இந்த வருடம் எங்கள் நோட்டீசில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்த விதிப் புத்தகம் என்று ஒரு வரி. புகார் இருந்தால் ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு, புகார் சரியென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று இன்னொரு வரி. செயலாளருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நோட்டீசில் இடம் இல்லையாம், சேர்க்க வேண்டுமென்றால் ஒரு நன்கொடையாளர் படத்தை எடுக்க வேண்டும். யாருடைய படத்தை என்பதில் கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.