சந்தைத் தெருவின் வரலாற்றைத் தொகுப்பவர்களுக்கு

தலைமுறைகளாகக் கடை நடத்தும் குடும்பத்திடம் "எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டால், போர்டில் உள்ள வருஷத்தையே திருப்பிச் சொல்வார்கள். அது பல சமயம் தாத்தா தள்ளுவண்டியோடு இறங்கிய வருஷம். கடை பிடித்தது பிறகாக இருக்கும். "முதல்ல எந்த இடம்? பக்கத்துல யார் கடை?" என்று கேளுங்கள். நாலு குடும்பத்தின் பதிலை ஒரே வரைபடத்தில் போட்டால் முரண்பாடு தானே வெளியே வரும்.

அடுத்தது காகிதம். வாடகை ரசீது, உரிமம், எடைக்கல் முத்திரைச் சான்று எல்லாம் சரி, ஆனால் உண்மையான புதையல், கடையின் வரவு செலவு எழுதிய பேரேடுதான். கையெழுத்து மாறும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்பு கைமாறியதற்கான தடயம் அது. (அந்தக் கையெழுத்து மருமகளுடையதாகவும் இருக்கலாம். போர்டில் அவர் பெயரைத் தேடாதீர்கள்.)

பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. தொலைபேசி எண்கள் காலப்போக்கில் நீண்டுகொண்டே வந்தன; அதனால் படத்தில் தெரியும் எண்ணின் இலக்கங்களை எண்ணினாலே காலம் ஓரளவு பிடிபடும்.