மருந்து எதுவும் போடலையா தம்பி?

மீன் தொட்டி மெயின்டெனன்ஸ் வேலைன்னா கண்ணாடி தொடைக்கிறதுன்னுதான் நிறைய பேரு நினைக்கிறாங்க, அதுவும் உண்டுதான், ஆனா உப்புத்தண்ணி தொட்டி வச்சிருக்கிறவங்க நேரங்கெட்ட நேரத்துல போன் பண்ணாங்கன்னா அது வைத்தியத்துக்குத்தான். சிங்கப்பூர் செங்காங்ல ஒரு எச்டிபி வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி, நம்மாளுங்க, அந்த அக்கா வீடியோ அனுப்பியிருந்தாங்க. எல்லோ டாங் மீனு, பக்கத்துடுப்புக்குப் பின்னால செதில் உரிஞ்சு செவப்பா சதை தெரியுது. புதுசா விட்ட பர்ப்பிள் டாங் பார்த்த வேலை. இந்த ஜாதிக்கு வாலடியில ரெண்டு பக்கமும் கூரான முள்ளு இருக்கும், சண்டை வந்தா வாலைத் திருப்பி ஒரே வீச்சு, அவ்ளோதான்.

2021ல ஹவாய்ல பிடிக்கிறது நின்னதுலேர்ந்து எல்லோ டாங் விலை எங்கயோ போயிடுச்சு, அக்காவுக்குப் பதட்டம் இருக்காதா. நான் போறப்ப காப்பர் மருந்து பாட்டில் மேசை மேல ரெடியா நிக்குது. "அக்கா, ஊத்திட்டீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டேன், நல்லவேளை ஊத்தல. அது ஒட்டுண்ணிக்குப் போடுறது, வெட்டுக்காயத்துக்கு இல்ல, பெரிய தொட்டியில போட்டா பவளம், இறால், நத்தை எல்லாம் காலி, பாறை வேற அதை உறிஞ்சி வச்சுக்கும்.

வலை வீசிப் பிடிக்கக் கூடாது, வால் முள்ளு வலையில சிக்கும், காயம் இன்னும் கிழியும். லைட்ட அணைச்சு, மீன் பாறை இடுக்குல அடங்கினப்புறம் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுல மெதுவா ஏத்திக்கிட்டேன். அக்காவோட அம்மா டார்ச் பிடிச்சுட்டு இருந்தாங்க, திடீர்னு "ஐயோ தம்பி, இங்க ஒரு வெட்டு இருக்கு பாருங்க"ன்னு பதறிட்டாங்க. ஒடம்பு நடுவுல வெள்ளையா ஒரு கோடு. எல்லோ டாங் ராத்திரியானா மங்கிப்போய் அப்படிக் கோடு விழும்மா, காலையில லைட் வந்தா போயிடும்னு சொன்னேன், பாட்டி நம்பல.

தனித்தொட்டியில மணல் பாறை எதுவும் கிடையாது, ஒளிஞ்சுக்க பிவிசி குழாய்த் துண்டு, பெரிய தொட்டிக்குக் கீழ இருக்கிற வடிகட்டித் தொட்டியில (சம்ப்) ஏற்கெனவே ஊறிக்கிட்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கிளிப் ஃபேன். நம்ம ஊரு சூட்டுக்கு ஹீட்டர் எதுக்கு, சூட்ட குறைக்கிறதுதான் பாடு, பெரிய தொட்டிக்கு தண்ணிய குளிர வைக்கிற சில்லர் இருக்கு, 26 டிகிரியில நிக்கும், சின்னதுக்கு ஃபேன்தான். ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு அங்கயே நிக்கும், அதனால குறையுற அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும். பைப் தண்ணிய அப்படியே ஊத்த முடியாது, கிருமி சாகக் கலக்குற குளோரமின் இருக்கு, மீனுக்கு ஆகாது.

கடல் மீனோட ஒடம்புக்குள்ள இருக்கிறத விட வெளியில உப்பு அதிகம், அதனால எந்நேரமும் ஒடம்புத் தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், தோலும் வழவழப்பும்தான் அதைத் தடுக்குது. தோல் கிழிஞ்ச எடத்துல அந்தக் காவல் இல்ல. அதுக்காக தனித்தொட்டித் தண்ணியோட உப்பை, அடர்த்திக் கணக்குல 1.025ல இருந்து 1.020க்கு மெதுவா எறக்கினேன். மத்தபடி தினம் கொஞ்சம் தண்ணி மாத்துறது, அம்மோனியா டெஸ்ட், திங்க எண்ணெய் மசாலா இல்லாத நோரி, அதான் காஞ்ச கடல்பாசித் தாளு. அம்மோனியா ஏறினா காயம் ஆறுற பேச்சுக்கே எடமில்ல.

ஆனா தினம் அதே கேள்வி, "மருந்து எதுவும் போடலையா தம்பி?" பாட்டி மஞ்சள் பத்து வரைக்கும் போயிட்டாங்க. காயத்தைச் சுத்தி செவப்பு பரவுதா, பஞ்சு மாதிரி எதும் பூக்குதா, மூச்சு வேகமா வாங்குதா, இதுல ஒண்ணு வந்தாலும் வெட் கிட்ட, அதான் மிருக டாக்டர் கிட்ட, போவோம்னு சொல்லி வச்சேன். வரல. பாஸ் வேற, ஒரு பாட்டில் கூட விக்காம பில்லுல என்னத்த எழுதுறதுன்னு மொணகினாரு. தண்ணி மாத்தினதை எழுதுங்கன்னேன். வைத்தியமே அதானே, ஆனா பாட்டிலுக்குக் காசு குடுக்குற மனசு பக்கெட்டுக்குக் குடுக்க யாருக்கு வருது?

ஓரத்துலேர்ந்து தோல் மூடி வந்துச்சு, சாப்பாடும் நிக்கல. உப்பை பழைய அளவுக்குப் படிப்படியா ஏத்திட்டு, திரும்ப விடுறப்ப பாறைய எடம் மாத்தி அடுக்கினோம், கண்ணாடிக்கு வெளிய முகம் பார்க்குற கண்ணாடி ஒண்ணு ஒட்டினோம், பர்ப்பிள் டாங் அதுல தெரியுற தன் மூஞ்சியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சு, இவனை மறந்துட்டான்.

இப்ப அக்கா பவுடர் புளூ டாங் ஒண்ணு வாங்கலாமான்னு கேக்குறாங்க. தொட்டி நாலடி. பாஸ் காதுல விழாம, வேணாங்க்கான்னுட்டேன்.