தெரியாது வேறு, ஞாபகம் இல்லை வேறு

கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தட்டச்சு செய்வது என் வேலை. சாட்சி பேசுவார், நீதிபதி அதை வாசகமாக்கிச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். 'ஆமாங்க' என்பது 'என்றால் சரிதான்' ஆகும். 'அதெல்லாம் இல்லீங்க' என்பது 'என்றால் சரியல்ல' ஆகும். இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கை தடுமாறக் கூடாத இடம் 'தெரியாது', 'ஞாபகம் இல்லை' என்ற இரண்டு பதில்கள்தான்.

வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறோம். கோர்ட்டில் அப்படியில்லை. பத்திரம் எழுதும்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்க, 'தெரியாது' என்றால், நீங்களே அங்கே இருந்தீர்களா என்பது சந்தேகமாகிவிடும். 'ஞாபகம் இல்லை' என்றால் இருந்தேன், மறந்துவிட்டேன் என்று ஆகும். மறந்தவருக்குச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. சம்பவத்தின்போதோ, நினைவு மங்கும் முன்போ தானே எழுதி வைத்ததைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றது 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் இது இருக்கிறது. போலீஸ்காரருக்கும் டாக்டருக்கும் சரி, வரப்புத் தகராறுக்குச் சாட்சி சொல்ல வந்தவரிடம் எழுதின தாள் ஏது?

அவர்கள் வேறு மாதிரி கணக்கு வைத்திருப்பார்கள். 'எம்ஜிஆர் செத்த வருஷம்', 'இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம்', 'திருச்சியில வெள்ளம் வந்தப்போ'. வக்கீல்கள் அதை 1987, 1984, 1977 என்று ஆக்கிக்கொள்வார்கள். ஆக்க முடியாததும் உண்டு. 'எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்தத் தென்னை அங்கதான் நிக்குது' என்றார் ஒரு பெரியவர். உங்களுக்கு எப்போது விவரம் தெரிந்தது என்று வக்கீல் மடக்கப் பார்த்தார். 'மாடு மேய்க்கப் போனப்போ' என்று பதில் வந்தது. தேதிகளை மடமடவென்று ஒப்பிக்கிறவரைவிட இவரைத்தான் எனக்கு நம்பத் தோன்றும். என் நம்பிக்கைக்கு அங்கே மதிப்பில்லை, அது வேறு விஷயம்.

உயில் வழக்கு என்றால் 'நினைவு' என்ற சொல்லே வேறு ஆளாகிவிடும். 'நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும் எழுதி வைத்த உயில்' என்பதில் நினைவு என்றால் தெளிந்த மனநிலை. உயிலுக்கு இரண்டு சாட்சிகளாவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் அதை நிரூபிக்க வேண்டும். அப்படி வந்த ஒருவரிடம், எழுதின அன்று அவர் நல்ல நினைவோடு இருந்தாரா என்று கேட்டார்கள். 'நினைவெல்லாம் நல்லா இருந்துச்சுங்க, ஞாபகம்தான் இல்ல' என்றார்.

இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவருக்கு முன்பாதி போதும், மற்றவருக்குப் பின்பாதி. நீதிபதி இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, 'அப்படின்னா என்னங்கய்யா?' என்று கேட்டார். 'ஆளைப் பார்த்தா பேசுவார், நிலம் எது எதுன்னு சரியா சொல்லுவார். பேருதான் வராது, மூத்த மவனைத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.' இதைக் கோர்ட்டுத் தமிழுக்கு மாற்றாமல், அவர் சொன்னபடியே போடச் சொன்னார் நீதிபதி.