ராயல் ப்ளூ

ஜூன் 2
சிராங்கூன் நார்த் அவென்யூ 1 மீன் கடைக்குப் போய் ஃபைட்டர் மீன் (பெட்டா) ஜோடி வாங்கியாச்சு. ஆண் டர்க்காய்ஸ், பெண் ஸ்டீல் ப்ளூ. "ராயல் ப்ளூதானே வேணும்னு சொன்னே, அந்த ஜோடியையே எடுக்க வேண்டியதுதானே?" என்று தங்கை போனில் கேட்டாள். ராயல் ப்ளூவோடு ராயல் ப்ளூ சேர்ந்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் ராயல் ப்ளூ. கால்வாசி டர்க்காய்ஸ், கால்வாசி ஸ்டீல். டர்க்காய்ஸும் ஸ்டீலும் சேர்ந்தால் அத்தனையும் ராயல் ப்ளூ. தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத நிறம் எல்லாப் பிள்ளைகளுக்கும்! இதைப் படித்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

மார்பிள், அதாவது வளர வளர நிறம் மாறுகிற ரகம், மட்டும் கலந்திருக்கக் கூடாது. கடைக்காரர் இல்லை என்றார்.

ஜூன் 5
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 8
இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, காலையும் மாலையும் உயிர்ப்புழு. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோராமின் இருக்கிறது, ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போகாது, மருந்து ஊற்றியே ஆகணும். தொட்டியில் போட கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை புளோக்குக்குக் கீழேயே உதிர்ந்து கிடக்கிறது. ஆனால் கொசுவுக்குப் புகை அடிக்கிற இடம். காசு கொடுத்துக் கடையிலேயே வாங்கினேன்.

அப்பா இன்று பாதிக் கஞ்சி குடித்தார்.

ஜூன் 15
பாதியாக வெட்டிய ஃபோம் கப்புக்கு அடியில் நேற்றே நுரைக்கூடு கட்டிவிட்டது. இன்று மதியம் சேர்ந்தன. ஆண் உடம்பை வளைத்துப் பெண்ணை இறுக்கிப் பிடிக்கிறது, இரண்டும் கொஞ்ச நேரம் உயிரே இல்லாததுபோல் மிதக்கின்றன, வெள்ளை வெள்ளையாக முட்டை இறங்குகிறது. கீழே போய்ச் சேருமுன் ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது. முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட்டேன். வால் கிழிந்திருக்கிறது, ஆறிவிடும். சுற்றிலும் அட்டை வைத்து மறைத்திருக்கிறேன். மிரண்டால் முட்டையை ஆணே தின்றுவிடும்.

அம்மா வார்டிலிருந்து போன் செய்தார். "மீன் என்னாச்சுன்னு கேட்டுட்டுத்தான் தூங்கினார்."

ஜூன் 17
வால்! கூட்டுக்கு அடியில் முழுக்க வால்!

ஜூன் 20
குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்துகின்றன. தகப்பனின் வேலை முடிந்தது, வெளியே எடுத்துவிட்டேன். குஞ்சுகளுக்குத் தீனியாக உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா (பொடி இறால்) முட்டை போட்டிருக்கிறேன், ஒரு நாளில் பொரிக்கும்.

ஜூன் 26
ரிப்போர்ட் வந்தது. மறுபடி எடுக்கணுமாம்.

ஜூலை 11
இந்த வாரங்களில்தான் குஞ்சுகள் மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும். அதற்கான உறுப்பு இப்போதுதான் உருவாகிறது. தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்று குளிர்ந்தோ வறண்டோ போனால் செத்துப்போகும் என்கிறார்கள். தொட்டியை பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் சின்னதாய் இடைவெளி விட்டிருக்கிறேன். ஹாலில் ஏர்கான் போடுவதில்லை. அம்மா விசிறிக்குக் கீழே வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இருப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, போடலாமா என்று எழுந்தேன். "குட்டிங்களுக்கு ஆகாதுன்னியே, உட்காரு" என்றார்.

ஜூலை 13
நீலம் இன்னும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல்.

ஜூலை 29
பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நீலம்! பெரியவை எல்லாவற்றிலும்! அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன், இரண்டு நீல டிக் வந்துவிட்டது.

ஒன்றின் முகம் மட்டும் வெளுப்பு. மார்பிளா? மார்பிள் என்றால் அந்த ஜீன் இடம்விட்டு இடம் தாவும், வளர வளர நிறம் மாறிக்கொண்டே இருக்கும், இன்று நீலமாக இருப்பதை நம்ப முடியாது. பெற்றோரின் உடன்பிறப்புகள் படம் இருக்கிறதா என்று கடைக்காரருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன்.

ஜூலை 30
பதில் இல்லை. ஆண்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்துவிட்டன, தனித்தனி ஜாடி வேணும். நாளை 8 மணிக்கு ஸ்கேன், வரும் வழியில் தேக்காவில் கேட்கணும், மூடி போட்ட