காமா வேலோரம்: முதல் சுற்று முடிந்தது

தென்வானில் வேலா விண்மீன் கூட்டத்தில் உள்ள காமா வேலோரத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றிவர 78.5 நாள் ஆகும். அந்தச் சுற்றில் அவற்றின் நிறமாலை எப்படி மாறுகிறது என்று பார்க்க ஜனவரி 18 அன்று முதல் படம் எடுத்தேன். ஏப்ரல் 6 அன்று அந்தச் சுற்று முடிந்தது. உருப்படியான இரவுகள் ஏழு கிடைத்தன.

இடம், டி.கல்லுப்பட்டி பக்கம் சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூம் மாடி. இந்த நட்சத்திரம் நமக்கு உச்சத்தில் நிற்கும்போதே தெற்கே 33 டிகிரி உயரம்தான். இங்கே வந்துவிட்டால் மதுரை வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். மாசி மாதம் இரவு ஒன்பதரை வாக்கில் அகத்திய நட்சத்திரத்துக்கு இடப்புறம், சற்று மேலே தேடினால் போதும்.

பழைய டிஎஸ்எல்ஆர், 135 மி.மீ. லென்ஸ், அதன் முன்னால் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள கிரேட்டிங். வான ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லை. நிறமாலை வடக்கு தெற்காக விழும்படி கிரேட்டிங்கைத் திருப்பி வைத்தால், நட்சத்திரம் மேற்கே நகர நகர அது தானாகவே பட்டையாக விரியும். முதல் இரவு கிரேட்டிங் சாய்ந்திருந்ததால் கோடுகள் சரிந்து மங்கிப்போயின. அப்புறம் சிரியஸின் ஹைட்ரஜன் கருங்கோடுகளை வைத்து அளவு குறித்தேன்: பிக்சலுக்கு 0.32 நானோமீட்டர்.

சிரியஸில் கருங்கோடு, கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் எல்லாமே ஒளிக்கோடு! நீலத்தில் 465 நானோமீட்டரை ஒட்டி ஒரு தடித்த பட்டை, மஞ்சளில் 569.6, 581 என்று இரண்டு. கேமராவின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்து, “என்னடா, சுங்குடிச் சேலை பார்டர் கணக்கா இருக்கு?” என்றார்.

“அத்தனையும் கரி, சித்தப்பா. ரெண்டுல ஒரு நட்சத்திரம் காத்தா ஊதித் தள்ளுது.”

1867-இல் பாரிஸ் வானாய்வகத்தில் வுல்ஃபும் ராயேவும் சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் முதலில் கண்டது இப்படிக் காற்று வீசும் இதே வகை நட்சத்திரங்களைத்தான். என் படத்தில் 569.6 கோட்டின் அகலம் சுமார் 18 பிக்சல். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போவது சிவப்புப் பக்கமும் நகர்வதால்தான் கோடு இப்படி அகலமாகிறது. கணக்குப் போட்டால், நாலாபுறமும் விநாடிக்கு 1,500 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அளவும் கிட்டத்தட்ட அதேதான். மாடியில் உட்கார்ந்து இதை அளந்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

கூட இருக்கும் ஓ-வகை (மிகச் சூடான நீல) நட்சத்திரமும் காற்று வீசுகிறது. ஆனால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் இரண்டும் மோதும் இடம் அதன் பக்கமாக ஒதுங்கி, அதைச் சுற்றிக் கூம்பாக வளைகிறது. மோதி ஆறிய வாயு அந்தக் கூம்பின் வழியே ஓடும்போது, தட்டையான 569.6 கோட்டின் உச்சியில் ஒரு சின்ன மேடு எழும்புகிறது. ஓ-வகை நட்சத்திரம் நமக்கு முன்னால் வரும்போது கூம்பின் வாய் நம்மைப் பார்க்கும். மேடு நீலப் பக்கம் போகும். பின்னால் போனால் சிவப்புப் பக்கம். நான் தேடுவது இந்த மேட்டைத்தான்.

பிப்ரவரி 9, மார்ச் 20 இரண்டு இரவிலும் தலா 40 படங்களைச் சேர்த்து ஒப்பிட்டேன். (பிப்ரவரியில் பனி கிரேட்டிங்கில் படிந்து 11 படங்கள் போயின.) உச்சியின் சாய்வு மாறியது போலத்தான் தெரிகிறது. ஆனால் வித்தியாசம் இரைச்சலை (படத்தில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தை) தாண்டவில்லை, அதனால் மேடு நகர்ந்தது என்று எழுத மாட்டேன்.

மே தொடக்கம் வரை இது மாலையில் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்; பிக்சலுக்கு 0.22 நானோமீட்டர் வரும்.